கண்ணாடி எப்ப வரும், மிஸ்?

மூன்று ஆண்டுகளாக அவன் ஒரு மூக்குக் கண்ணாடிக்காகக் காத்திருந்தான்.

ஆறாம் வகுப்பு படித்தபோது அம்மாவும் அப்பாவும் அவனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு அக்கா படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், படம் காட்டிக் கேள்வி கேட்டார். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டவனுக்கு "கண் டெஸ்ட்டுடா தம்பி" என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறார். பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அறிக்கை வந்தது, சான்றிதழ் வந்தது: டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிக்கல் தரும் கற்றல் குறைபாடு. இரண்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டோடு பீரோவுக்குள் போயின. கண்ணாடி மட்டும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் அவனோடு முதன்முதலாக உட்கார்ந்தபோது அவன் கேட்டது அதைத்தான்.

நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். வாரத்துக்கு ஒரு நாள் அவன் பள்ளிக்குப் போவேன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டில் அழைப்பதுபோல் தம்பி என்றே எழுதுகிறேன். எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். வாசித்துக் காட்டச் சொல்லி முழுவதையும் கேட்டுவிட்டு, இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.

கோப்பின் அசல் வீட்டில் இருந்தது. ஒரு நகல் பள்ளியில், இன்னொன்று எங்கள் மையத்தில். அதைப் படிக்காதவன் அவன் ஒருவன்தான்.

கண் டெஸ்ட் என்று சொன்னதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887இல் உருவாக்கிய ருடால்ப் பெர்லின் ஒரு ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அதைப் பிறவியிலேயே வந்த 'சொல் குருடு' என்றுதான் அழைத்தார். அந்தச் சிறுவனுக்கு வயது 14. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் பதிவு செய்திருக்கிறார். என் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கும் 14 வயதுதான். அவனுடைய அறிவியல் ஆசிரியை என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: "வாயால கேட்டா அத்தனையும் சொல்றான் மேடம். பேப்பர்ல ஒண்ணுமே இல்ல."

பிள்ளையும் பள்ளியும்

42 பேர் உள்ள வகுப்பு. அப்பா குட்டியானை ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல். அப்பாவின் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் சத்தத்தை வைத்தே எங்கே என்று தம்பி சொல்லிவிடுவான். பள்ளியில் அவன் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருந்தான். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு. அங்கே நடப்பது காலையில் புரியாததையே மறுபடி பத்து முறை எழுதுவது.

மூன்று ஆண்டுகளில் அவன் படித்திருந்த உண்மையான பாடம் ஒளிந்துகொள்வது. வாசிப்புச் சுற்று தன் வரிசைக்கு வருவதற்கு இரண்டு பேர் முன்பாகவே "சாக்பீஸ் எடுத்துட்டு வரட்டுமா ஐயா?" என்று எழுந்துவிடுவான். எழுத்தைப் பொடிப்பொடியாக, நெருக்கி எழுதுவான். பிழை எது, எழுத்து எது என்று யாருக்கும் பிரித்துத் தெரியாது. பக்கத்து இருக்கைப் பையனுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்து, பதிலுக்கு வினாத்தாளை முணுமுணுக்கச் சொல்வான். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தான். இவ்வளவு உழைப்பை ஒரு சோம்பேறியால் செய்ய முடியாது.

சொல்லியது எப்படி

முதல் முறை மோசமாகச் சொன்னேன். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது' என்று பயிற்சியில் கற்ற வரையறையோடு ஆரம்பித்தேன். பேசாமல் கேட்டான். முடிவில் ஒரே கேள்வி: "சரியாயிடுமா மிஸ்?" ஆகாது என்றும் சொல்ல முடியவில்லை, ஆகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. மணி அடித்தது. எழுந்து போய்விட்டான்.

அடுத்த வாரம் அம்மாவிடம் பேசி, அசல் அறிக்கையை எடுத்து வரச் சொன்னேன். மேசையில் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "இது உன்னுடையது. ஒவ்வொரு வரியாப் பார்ப்போம். வாசிக்கிறது என் வேலை, கேள்வி கேக்கிறது உன் வேலை."

பேச்சு தானாக வருவது; எழுத்து யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் வரும் என்பதிலிருந்து தொடங்கினோம். ஒலியை எழுத்தோடு பொருத்தும் வேலை பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாளில் சைக்கிள் ஓட்டுவதுபோல் பழகிவிடுகிறது. அவனுக்கு ஒவ்வொரு சொல்லிலும் அது புதிதாகவே நடக்கிறது. எழுத்தைப் பொருத்துவதிலேயே மூச்சு தீர்ந்துபோவதால், பொருளைப் பிடிக்கத் தெம்பு மிஞ்சுவதில்லை. அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன: கேட்டுப் புரிந்துகொள்வது அவன் வயதுக்குச் சரியாக இருந்தது, வாசிப்பு மூன்றாம் வகுப்பு அளவில் நின்றிருந்தது. இரண்டின் மேலும் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

"அப்ப எனக்கு மூளை கம்மி இல்லையா?"

கம்மி இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் எண்ணை மறுபடி வாசித்துக் காட்டினேன். ஆறுதலாகச் சொல்வதை அந்த வயதுப் பிள்ளைகள் நம்புவதில்லை. தாளில் இருப்பதை நம்புகிறார்கள்.

அதன்பின் எங்கே தடுமாறுகிறான் என்று அவனையே கண்டுபிடிக்கச் சொன்னேன். அவன் வாசிப்பதை என் கைபேசியில் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டு, தப்பிய சொற்களைப் பச்சைப் பேனாவால் வட்டமிட்டான். மூன்று வாரம் பிடித்தது. மூன்றாவது வாரம் அவன் கண்டதை நான் இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"மிஸ், பாருங்க. கெ, கே, கை எல்லாத்துலயும் பின்னாடி சொல்ல வேண்டியத முன்னாடி எழுதியிருக்காங்க. கொ-வுல பாதி முன்னாடி, பாதி பின்னாடி!"

உண்மை. 'கெ' என்று சொல்லும்போது க் முதலில் ஒலிக்கிறது, எ பிறகு வருகிறது. எழுத்திலோ கொம்பு முதலில் நிற்கிறது. 'கொ' என்றால் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால், நடுவில் மெய். கண் இடமிருந்து வலம் போகிறது, நாக்கு வேறு வரிசையில் போக வேண்டும். பழகியவர்களுக்கு இது தெரிவதே இல்லை. அவன் 'கொடை'யைக் 'கெடை' என்று வாசித்ததற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. கொம்பைப் பார்த்தான், கெ என்று முடிவு செய்தான், துணைக்கால் வருவதற்குள் நாக்கு போய்விட்டது. இது போதாதென்று கடல், அகம், தங்கம் மூன்றிலும் ஒரே க மூன்று விதமாக ஒலிக்கிறது. 'வந்துட்டாங்க' என்று பேசுகிறவன் புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வாசிப்பதைச் சுலபம் என்று நாம் சொல்லிக்கொள்வது, அது சுலபமாக வந்தவர்களின் பேச்சு.

ஒரு முழுத் தாளில் வரைந்தான்: கொம்பு வரும் எழுத்துகள் ஒரு கட்டம், ர-ற ஒரு கட்டம், ஒற்று இரட்டிக்கும் சொற்கள் ஒரு கட்டம். மேலே 'நான் மாட்டிக்கிற எடம்' என்று தலைப்பு. அந்தத் தாள் பின்னால் பெரிய வேலை செய்தது.

நான் செய்த தவறு

அவன் முன்னேற்றம் தந்த உற்சாகத்தில் ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரிடமும் பேசினேன். இந்தப் பையனுக்கு டிஸ்லெக்சியா, வகுப்பில் வாசிக்கச் சொல்லாதீர்கள், பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் கணக்கு ஆசிரியர், மிக நல்ல மனிதர், வகுப்பின் நடுவே நின்று சொல்லிவிட்டார்: "இவனுக்குப் படிக்கிறதுல ஒரு பிரச்சினை இருக்கு. யாரும் கிண்டல் பண்ணக் கூடாது."

நான்கு நாள் தம்பி பள்ளிக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். அவன் உள்ளே இருந்து வர மறுத்தான். திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "என்னப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டிருக்கணும்ல?"

கேட்டிருக்கத்தான் வேண்டும். கோப்பை அவனுடையது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை ஊருக்கு வாசித்தவள் நான். மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் சொல்வது என்ற மூன்றையும் இனி அவனே தீர்மானிப்பான் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். இந்த ஓராண்டில் திருப்பம் என்று ஒன்று இருந்தால், அது அந்தத் திண்ணைதான்.

அமெரிக்காவின் பசடீனாவில் உள்ள பிராஸ்டிக் மையம், தன்னிடம் படித்த கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பெரியவர்களானபின் வாழ்க்கையில் நிலைகொண்டவர்களைப் பிரித்துக் காட்டியதில், நுண்ணறிவு எண்ணையும் பள்ளி மதிப்பெண்ணையும் விட, தன் குறையைத் தெரிந்துகொண்டு ஏற்றிருப்பது, தானே முன்கை எடுப்பது, விடாப்பிடி, உதவியைத் தேடிப் பெறுவது போன்றவை முன்னால் நின்றன. அதைப் படித்திருந்தேன். படித்திருந்தும் அவன் முன்கையை நானே பிடுங்கிக்கொண்டேன்.

சட்டமும் தேர்வறையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகை மாற்றுத்திறன்களுக்குள் சேர்த்தது. 16ஆம் பிரிவு, பள்ளிகள் அதைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதை அவனுக்குக் கதையாகச் சொல்லாமல், அந்தப் பிரிவின் எண்களை அவன் நோட்டில் எழுத வைத்தேன். எண் அவனுக்கு மறக்காது.

பிறகு ஒரு வழக்கைச் சொன்னேன். 2021 செப்டம்பர் 12 அன்று நீட் எழுதிய மாணவி ஒருவருக்கு டிஸ்கிராபியா, அதாவது எழுதுவதில் சிக்கல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக அவருக்குச் சேர வேண்டும். தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியவில்லை, விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் நவம்பர் 23 அன்று, அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று ஏற்றது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. அதற்கு என்ன பரிகாரம் என்று ஒரு வாரத்துக்குள் பார்க்கும்படி தேர்வு முகமைக்குச் சொன்னது.

தம்பி வெகு நேரம் யோசித்தான். "கோர்ட்டு வரைக்கும் போயும் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கெடைக்கல."

"ஆமா."

"அப்ப பரீட்சைக்கு முன்னாடியே கேட்டு, எழுத்துல வாங்கி வச்சுக்கணும். உள்ள போய்க் கேட்டா லேட்டு."

இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும்.

கேட்கப் பழகியது

முதலில் அவன் தயாரித்த வாக்கியம்: "சார், எனக்கு டிஸ்லெக்சியா சார், மன்னிச்சு விட்டுருங்க சார்." விட்டுவிடச் சொல்வதும் வேண்டியதைக் கேட்பதும் வேறு வேறு என்று அவனுக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. நான் கோபக்கார ஆசிரியராக நடிப்பேன். அவன் கேட்க வேண்டும். எது கடினம், எது இருந்தால் முடியும், தான் என்ன செய்வான் என்று மூன்று வரிக்குள். 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை என்று அவனே முடிவு செய்தான். "சிலருக்குப் பேரச் சொன்னா பயந்துருவாங்க மிஸ். என்ன வேணும்னு சொன்னா போதும்."

சின்னதிலிருந்து ஆரம்பித்தோம். அறிவியல் ஆசிரியையிடம், கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க நேரமாகிறது, நண்பனின் நோட்டை மதியம் வாங்கி எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். உடனே சரி என்றார். அன்று முழுவதும் அவன் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

தமிழ் ஐயாவிடம்தான் சிக்கல். நாளைக்கு எந்தப் பத்தி வாசிக்க வேண்டுமென்று இன்றைக்கே சொன்னால் வீட்டில் வாசித்துப் பழகி வருவேன் என்று கேட்டிருக்கிறான். "எல்லாரும் படிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்னடா தனியா?" என்று ஐயா திருப்பிக் கேட்டதும் குரல் அடைத்துப்போய் வந்துவிட்டான். நான் போய்ப் பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கால் எழுந்தும்விட்டது. "நான் வரணுமா?" என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்றான்.

மறுநாள் அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு ஐயாவின் மேசைக்குப் போனான். "ஐயா, கொம்ப முதல்ல எழுதுறோம், பின்னால சொல்றோம். எனக்கு அங்கதான் மாட்டிக்குது." ஐயா தாளை வாங்கி, 'கொ' என்று தானே ஒருமுறை எழுதிப் பார்த்தாராம். ஓய்வுபெற ஐந்தாண்டு மிச்சமிருக்கிற மனிதர். அன்று மாலை என்னிடம் வந்து, "இத்தன வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன், இப்படி ஒரு தடவ யோசிச்சதில்லையேம்மா" என்றார். அதற்கப்புறம் பத்தி முந்தைய நாளே தம்பிக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் அவர் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

காலாண்டும் அரையாண்டும்

சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்பதில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தோம். தம்பிக்கு விருப்பமில்லை. காலாண்டுத் தேர்வில் ஒரு பாடத்துக்கு மட்டும் முயன்று பார்க்கச் சம்மதித்தான். பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதினார். வெளியே வந்து, "நான் யோசிக்கிறப்ப அவங்க பேனாவோட காத்துட்டிருக்காங்க மிஸ். எனக்கு யோசனையே ஓடல" என்றான். மதிப்பெண் வழக்கத்தை விடக் குறைந்தது.

அரையாண்டில் தானே ஒரு ஏற்பாடு கேட்டான்: வினாத்தாளை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும், எழுதுவது அவனே. தலைமையாசிரியைக்கு விண்ணப்பம் கொடுத்தான். அவன் சொல்ல அம்மா எழுதினார், கையெழுத்து அவனுடையது. அறிவியலில் கண்ணுக்குத் தெரியும் ஏற்றம், சமூக அறிவியலில் கொஞ்சம், ஆங்கிலத்தில் எதுவுமில்லை. வாசிப்பு வேகம் இந்த ஓராண்டில் பெரிதாக மாறவில்லை. பயிற்சி தொடர்கிறது; அதில் அற்புதம் எதையும் நான் காணவில்லை.

மொழிப்பாட விலக்கு பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. அப்பாவுக்குச் சுமை குறைந்தால் போதும். தம்பிக்கு பாலிடெக்னிக் ஆசை. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தைக் கேட்பார்கள் என்று பார்க்காமல் விட மாட்டேன் என்கிறான். சலுகையை வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு என்பதை ஏற்க எனக்கே நாளாயிற்று.

மறு மதிப்பீடு

2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி அப்போது கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 8 வயதிலிருந்துதான் தந்தார்கள். 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபடி மதிப்பிட வேண்டியிருந்தது; 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும் என்றிருந்தது. தேதி கிடைக்கத் தாமதமாகி, கல்வியாண்டு முடியும் நேரத்தில் அதே மருத்துவமனைக்குப் போனோம். அம்மா, தம்பி, நான். பேருந்தில் அம்மா அவனிடம், "அன்னிக்கு கண் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டேன்டா" என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தெரியும்மா, பரவால்ல" என்றான்.

உள்ளே உளவியலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, வழக்கம்போல் அம்மாவைப் பார்த்து, "பையனுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அம்மா அவனைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் சொல்றேன் மேடம்" என்றான். "எனக்கு டிஸ்லெக்சியா. கேட்டா நல்லாப் புரியும், வாசிக்க நேரமாகும். கொம்பு வர்ற எழுத்துல மாட்டிக்குவேன். வினாத்தாள வாசிச்சுக் காட்டி, டைமும் கொஞ்சம் கூடக் குடுத்தா நானே எழுதிருவேன்."

அவர் பேனாவை எடுத்து அவன் சொன்னதை எழுதத் தொடங்கினார். பிறகு ஒரு வாசிப்புத் தாளை அவன் முன் வைத்து, கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"டைம் பார்க்காம வாசிக்கலாமா மேடம்?"

"இல்லப்பா, இந்த டெஸ்ட்டுல டைமும் சேர்த்துதான் பார்க்கணும்."

"சரி" என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் சொல்லின் மேல் விரலை வைத்தான். "மெதுவாத்தான் வரும்."